தோளில் எத்தனை கிராம்

ஒக்ரோபர் 2

கழுத்தையும் தோளையும் மூடுகிற செதில் மேலாடைக்கு வலை வந்துவிட்டது. முதுகுப் பக்கம் குடைக் கம்பி வரும். யாழ்ப்பாணத்துக் குருநகர்த் தங்கூசி (நைலோன் இழை), கண் ஒரு அங்குலம், நடுவில் முழநீளக் கிழிசல். கிழிசல் பரவாயில்லை, கழுத்து வெட்டு அந்த இடத்தில்தான் வரும். மூன்று தரம் அலசியும் நாக்கில் வைத்தால் கரிக்கிறது. உப்பு மிஞ்சினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குடைக் கம்பி இந்த மாரிக்குள்ளேயே துருவேறிவிடும்.

ஒக்ரோபர் 3

ஐந்தாம் தண்ணியில் கரிப்புப் போனது.

ஒக்ரோபர் 5

எக்ஸ்ரே படம் ஏழு. எல்லாம் 14க்கு 17 அங்குலம். முதல் வேலை, மூலையில் பெயரும் திகதியும் உள்ள துண்டை வெட்டி எரிப்பது. அதற்குப் பிறகுதான் தண்ணி.

பிளீச் ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு. கையுறையோடு வெளியில், காற்றுப் போகும் இடத்தில். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கறுப்புப் படலம் பாலாடை போல வழுகி வரும். நகத்தால் சுரண்டக்கூடாது, கீறு விழும். பழைய பஞ்சால் ஒரே பக்கமாக வழித்தால் போதும். மிஞ்சுவது மெல்லிய நீலத் தாள், அதிகாலைக் கடல் நிறம்.

செப்புக்கம்பியைப் பழப்புளியும் வினாகிரியும் விட்டு விளக்கிய வாளி பக்கத்திலேயே இருந்தது. அதைத் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். பிளீச்சோடு புளிப்பு எது சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். இரண்டு வாளிக்கும் நிறம் மாற்றிக் கயிறு கட்டியாயிற்று.

கழிவுத் தண்ணியை எங்கே ஊற்றுவது? அதில் படத்தின் வெள்ளி கலந்திருக்கிறது. இங்கே நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல், பொந்தும் வெடிப்புமாக. முற்றத்தில் ஊற்றியது அடுத்த வீட்டுக் கிணற்றில் போய் நிற்கும். இப்போதைக்கு மூடியுள்ள பிளாஸ்ரிக் கானில் அடைத்து வைத்திருக்கிறேன். கான் நிரம்புகிறது.

ஒரு படத்தில் தோள்மூட்டு. அதைக் கழுவவில்லை. வெட்டவும் இல்லை.

ஒக்ரோபர் 6

மழை. ஒன்றும் காயவில்லை.

ஒக்ரோபர் 8

ஆறு படம். 3க்கு 4.5 சென்ரிமீற்றர் செதில் என்றால் ஒன்றில் 99 வரும். 594 வெட்டினேன், கீறு விழுந்தது போக 560 தேறும். மூலையை வளைத்து வெட்டாவிட்டால் பிளேட் மாதிரி அறுக்கும். வெட்டிய விளிம்பை 400 அரத்தாளில் இரண்டு இழுப்பு.

துளைதான் பிரச்சினை. கத்திமுனையால் குத்தினால் கீறலாக விழுந்து, இழுபடும்போது அங்கிருந்தே கிழியும். கோணி ஊசியைச் சூடாக்கிக் குத்தினால் துளை வட்டமாக வரும், சுற்றிவர உருகின பிளாஸ்ரிக் ஒரு வரம்பு கட்டிக்கொள்ளும். அந்த வரம்புதான் பலம். விளிம்பிலிருந்து 4 மில்லிமீற்றர் உள்ளே. அதற்குக் குறையக்கூடாது.

ஒக்ரோபர் 10

சைக்கிள் ரியூப். கடைக்கார ஐயா, "பிள்ளை, ஒட்டுப் போட்டதை எடுக்காதை, அதிலதான் முதல் விடும்" என்று தானே பிரித்துத் தந்தார். உள்மடிப்பால் நீளத்துக்கு வெட்டி, வெள்ளைப் பவுடர் போகச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நிழலில் காயவிடவேண்டும். வெயில் கண்ட இறப்பர் வெடிக்கும்.

தைக்கும்போது மெசின் கால் இறப்பரில் ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் குத்தியது. மேலே ஒரு மெல்லிய கடதாசி வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்தேன். 16ஆம் நம்பர் ஊசி, தையல் 4 மில்லிமீற்றர். நெருக்கித் தைத்தால் தபால் முத்திரைத்தாள் போலத் துளை வரிசை விழுந்து அதோடேயே பிரிந்துவிடும். பயத்தில் இரண்டு அடுக்கு போட்டேன்.

ஒக்ரோபர் 12

738 கிராம்.

ஒக்ரோபர் 13

738. இரவு முழுக்க அதே எண்.

ரியூப் 250. வலை 40. செதில் 170. செதிலைக் கோர்க்க வயரிங் கம்பியில் செய்த செப்பு வளையம் 110. குடைக் கம்பி எட்டு, 140. கொளுக்கி 28.

அலுமினிய வளையம் என்றால் பாரம் மூன்றில் ஒன்றாகும். ஆனால் கொளுக்கி செம்பு. செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, வியர்வை உப்பும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக அரிபடும். வேண்டாம்.

ஒக்ரோபர் 14

எண் மட்டும் இல்லை. போட்டுப் பார்த்தேன். குடைக் கம்பி முழுதும் முதுகுப் பக்கம் நிற்பதால் பின்பாரம் இழுக்கிறது, முன் விளிம்பு ஏறித் தொண்டைக்குழியில் அழுத்துகிறது. இரண்டு நிமிடத்தில் விழுங்கக் கஷ்டம். இதைப் போடப்போகிறவ இருபது நிமிடம் எப்படி நிற்பா?

முன்னுக்கு எடை கட்டிச் சமன் செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது பாரத்தைக் கூட்டும் வேலை. காவடியை நினைத்துப் பார்க்கிறேன். தண்டு தொண்டையில் அழுத்தாது. தோளின் சதையில் இருக்கும், கையும் பிடித்துக்கொள்ளும். இங்கே கைக்கு வேலை கொடுக்க ஏலாது. வலத் தோளுக்கும் ஏலாது.

ஒக்ரோபர் 15

அவவுக்கு இன்னும் வலக்கை காதுக்கு மேலே போகவில்லை.

ஒக்ரோபர் 17

வளையம் முழுவதையும் கழற்றினேன். செதிலை நேரே வலையின் முடிச்சில் தங்கூசியால் கட்டுகிறேன். தங்கூசி வழுக்கும், ஒற்றை முடிச்சு நிற்காது. இரட்டை முடிச்சுப் போட்டு, 3 மில்லிமீற்றர் வால் விட்டு, ஊதுபத்தி நெருப்பைக் கிட்டக் கொண்டுபோனால் வால் உருகிக் குண்டாகும். முடிச்சு அதன்பிறகு கழராது. மெழுகுதிரி சரிவராது, புகைக்கறை பிடிக்கும், செதிலும் சுருங்கும். குண்டு வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். உள்ளே திரும்பினால் ஒவ்வொன்றும் ஒரு முள்.

ஒரு மணித்தியாலத்துக்கு 22. கீழ் வரிசையிலிருந்து மேலே, ஓடு போடுகிற மாதிரி.

ஒக்ரோபர் 18

131 செதில் கட்டியாயிற்று.

ஒக்ரோபர் 19

கரண்ட் இல்லை. விளக்கில் 40 கட்டியதில் ஒன்பது குண்டு உள்ளே திரும்பிவிட்டது. அவிழ்க்க ஏலாது, வெட்டத்தான் வேண்டும்.

ஒக்ரோபர் 21

ரியூப் ஓரடுக்கு. குடைக் கம்பி ஐந்து. வலப்பக்கம் தோளைத் தொடாமல் ஒரு பாலம்: இடத்தோளிலிருந்து முதுகால் இறங்கி இடுப்பில் பட்டி. பாரத்தில் பாதியை இடுப்பு வாங்குகிறது. இறப்பர் தோலில் படக்கூடாது, பழைய வேட்டித்துண்டு உள்ளே. கழுத்தில் கொளுக்கியை எடுத்து அமத்துப் பொத்தான். யாராவது இழுத்தால் தானே விடவேண்டும், கழுத்தை இறுக்கக்கூடாது.

ஒக்ரோபர் 22

457 கிராம். தொண்டைக்குழிக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் போகிறது.

ஒக்ரோபர் 23

தோள்மூட்டுப் படம் இன்னும் மேசையில். இடத்தோளில் பதினாறு செதில் குறைகிறது. மற்ற ஆறு படமும் முடிந்துவிட்டன. பிளீச் வாளியை எடுத்து வைத்தேன். பெயர்த்துண்டை வெட்டிவிட்டேன்.