மாவு இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் கூடாது

நான் இருக்கும் அயோவாவில் 2026 ஜனவரி 1 முதல் ஸ்னாப் கார்டில், அதாவது ஏழைக் குடும்பங்களுக்கு அமெரிக்க அரசு தரும் உணவு உதவிப் பணத்தில், கூல்டிரிங்ஸும் மிட்டாயும் வாங்க முடியாது. அயோவா மட்டும் இல்லை. 2025 மே மாதம் நெப்ராஸ்கா முதல் ஆளாக இந்தத் தடைக்கு அனுமதி வாங்கியது, சில நாளில் நாங்கள், வருஷம் முடிவதற்குள் 18 மாநிலங்கள் சேர்ந்துவிட்டன. 2004இல் மினசோட்டாவும் அப்புறம் நியூயார்க் நகர மேயராக இருந்த புளூம்பெர்க்கும் இதையே கேட்டபோது முடியவே முடியாது என்ற, ஸ்னாப்பை நடத்தும் மத்திய வேளாண் துறை, இப்போது மாநிலங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறது.

சோடா உடம்புக்குக் கெடுதல். அதில் எனக்கு வேறு கருத்து இல்லை, என் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பதும் இல்லை. ஆனால் இந்தத் தடையை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எது கெட்ட உணவு என்று அயோவா எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. மாநில விற்பனை வரிச் சட்டத்தை எடுத்து, அதில் வரி போடும் தின்பண்டம் எல்லாம் தடை என்று வைத்துவிட்டார்கள். வீட்டில் வளர்க்க வாங்கும் விதையும் காய்கறி நாற்றும் மட்டும் விலக்கு. அந்த வரிச் சட்டப்படி கோதுமை மாவு கலந்திருந்தால் அது மிட்டாய் கிடையாது. அதனால் உள்ளே பிஸ்கட் இருக்கும் கிட்கேட்டும் ட்விக்ஸும் வாங்கலாம், மாவு இல்லாத சாதாரண சாக்லெட் கூடாது. பாதிக்கு மேல் பழச்சாறு இல்லாத இனிப்புப் பானம் கூடாது, ஆனால் கொஞ்சம் பால் சேர்த்திருந்தால் எவ்வளவு சர்க்கரை கொட்டிய பாட்டில் காபியும் சரி. சர்க்கரையே இல்லாத டயட் சோடா, செயற்கை இனிப்பு இருப்பதால் கூடாது. இதில் சத்து எங்கே வருகிறது? வரி வசூலிக்க எழுதிய விதியை ஏழையின் தட்டில் கொண்டுவந்து வைத்தால் இப்படித்தான் இருக்கும்.

ஜனவரியில் ஒரு நாள் கடையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டியும் ஐந்தாறு வயசுப் பையனும் நின்றிருந்தார்கள். முட்டை, பிரெட், உறைந்த பட்டாணி, கோழித் தொடை, கூடவே ஆரஞ்சுப் படம் போட்ட ஒரு பெரிய பாட்டில். கார்டைத் தேய்த்த பிறகும் திரையில் இரண்டு டாலர் சொச்சம் பாக்கி என்று நின்றது. கல்லாவில் இருந்த பெண்ணுக்கே ஏன் என்று தெரியவில்லை, பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு அந்தப் பாட்டிலைத் தனியாக எடுத்து வைத்தார். பாட்டி அதைத் திருப்பி, பின்னால் இருந்த சின்ன எழுத்தைப் படிக்கப் பார்த்தார், எத்தனை சதவீதம் ஜூஸ் என்று. பின்னால் நாங்கள் நாலு பேர் நிற்கிறோம். கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முன்பு ஸ்னாப் பணத்தில் வாங்கியபோது விற்பனை வரி கிடையாது, இப்போது கையிலிருந்து காசு கொடுத்தால் அதே பாட்டிலுக்கு வரியும் சேரும்.

இந்தக் கார்டு வைத்திருப்பவர்கள் குப்பையாக வாங்கித் தள்ளுகிறார்கள் என்று நம் ஆட்களே நிறைய பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். வேளாண் துறையே 2016இல் ஓர் அறிக்கை போட்டது. ஸ்னாப் குடும்பங்கள் மளிகைக்குச் செலவழித்த ஒரு டாலரில் 9 சென்ட் சொச்சம் இனிப்புப் பானத்துக்குப் போனது, மற்ற குடும்பங்களில் 7 சென்ட் சொச்சம். வித்தியாசம் அவ்வளவுதான். சோடா பிரச்சினை இந்த நாட்டுக்கே உள்ள பிரச்சினை, தடை மட்டும் ஒரு பிரிவுக்கு.

சரி, வேறு என்னதான் செய்வது என்றால் அதற்கும் பதில் இருக்கிறது. 2011-12இல் மாசசூசெட்ஸின் ஹாம்ப்டன் கவுன்ட்டியில், ஸ்னாப் பணத்தில் பழமும் காய்கறியும் வாங்கினால் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் கார்டில் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அந்தச் சலுகை கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய கால்பங்கு அதிகமாகப் பழமும் காய்கறியும் சாப்பிட்டார்கள். யாரையும் கவுன்ட்டரில் தலைகுனிய வைக்காமல் நடந்த வேலை அது.

எனக்குக் கோபம் வருவது எங்கே தெரியுமா? கோடை விடுமுறையில் பள்ளி மதிய உணவு நின்றுபோகும் பிள்ளைகளுக்கு மாதம் 40 டாலர் கொடுக்கும் மத்தியத் திட்டத்தை 2024 கோடைக்கு வேண்டாம் என்று சொன்னது இதே அயோவா, ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று குழந்தைகளின் உடல் பருமன். ஸ்னாப் குடும்பங்களுக்குச் சத்தாகச் சமைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஸ்னாப்-எட் திட்டத்துக்கான மத்தியப் பணத்தையும் 2025 மத்தியச் சட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆரோக்கியத்துக்காகத்தான் தடை என்றால் சமையல் வகுப்பை ஏன் மூட வேண்டும்?

அயோவாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. டபுள் அப் ஃபுட் பக்ஸ் என்று ஒரு திட்டம் உழவர் சந்தைகளிலும் சில மளிகைக் கடைகளிலும் நடக்கிறது, ஸ்னாப் கார்டில் காய்கறி, பழம் வாங்கினால் ஓர் அளவு வரை அதே தொகைக்கு இன்னும் வாங்கலாம். எல்லாக் கடையிலும் கிடையாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தவர்கள் யாராவது ஸ்னாப் வாங்கினால் சொல்லுங்கள்.