துவைக்கும் மூலையைச் சீர்செய்த ஆறு வாரம்

முதல் ஞாயிறு. வாஷிங் மெஷினைச் சுற்றி இருந்த எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினேன். பாதி தீர்ந்த சோப்புத்தூள் பாக்கெட் மூன்று, லிக்விட் இரண்டு, சாஃப்டனர், ப்ளீச், வினிகர், கறைக்கு அடிக்கும் ஸ்ப்ரே, உடைந்த க்ளிப்புகள் ஒரு கை நிறைய, ஜோடி இல்லாத சாக்ஸ் பதினொன்று. மூன்று பாக்கெட்டும் ஒரே தூள்தான். முதல் பாக்கெட் பின்னால் மறைந்துபோனதால் அடுத்தடுத்து வாங்கியிருக்கிறோம். அதில் ஒன்று வாயைத் திறந்தபடியே கிடந்ததில் ஈரத்தை இழுத்துக் கல்லாகிவிட்டது. அளவுக் கரண்டி உள்ளேயே இறுகி நின்றது. கட்டியை உடைத்து வெந்நீரில் கரைத்து மிதியடிகளை ஊறவைத்தேன், அதனால் வீணாகவில்லை.

பயந்தது இன்னொன்றைப் பார்த்துத்தான். ப்ளீச்சும் வினிகரும் தோளோடு தோள் நின்றன, ப்ளீச் மூடி சரியாக இறுகவும் இல்லை. குளோரின் ப்ளீச்சோடு அமிலம் எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா கலந்த க்ளீனரோடும் அது சேரக்கூடாது. அன்றைக்கே வினிகர் சமையலறைக்குப் போய்விட்டது. ப்ளீச் வெயில் படாத, கதவுள்ள அலமாரியில் ஒரு ஓரம் நிற்கிறது. வெளிச்சமும் சூடும் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதால் வாங்கிய தேதியையும் பாட்டிலில் எழுதினேன்.

இரண்டாம் வாரம் ஒரு தவறு. படங்களில் வருவதுபோல எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று லிக்விடையும் சாஃப்டனரையும் கண்ணாடி போன்ற பாட்டில்களில் மாற்றி ஊற்றினேன். இரண்டும் நீலம். மூன்றாம் நாள் அம்மா மெஷின் பக்கத்தில் நின்று, "இதுல எதும்மா சோப்பு?" என்று கேட்டார். அதற்கு முந்தைய துவையலில் இரண்டும் சோப்பு டிராயரின் ஒரே அறையில் போயிருந்தது அப்போதுதான் தெரிந்தது. கறுப்புச் சட்டையில் பிசின் மாதிரி வெள்ளைத் திட்டுகள். சோப்பும் சாஃப்டனரும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்டவை, கலந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மெஷினே சாஃப்டனரைக் கடைசி அலசலில் எடுக்கிறது. இப்போது லிக்விடுகள் அவரவர் சொந்த பாட்டிலில்தான் இருக்கின்றன. தூளை மட்டும் இறுக்கமான டப்பாவில் கொட்டி, பாக்கெட்டில் அளவும் எச்சரிக்கையும் இருந்த பக்கத்தை வெட்டி ஒட்டினேன்.

அதே வாரம் மெஷினின் தலையைக் காலி செய்தேன். பிழியும்போது வரும் அதிர்வில் பாட்டில்கள் மெல்ல நகர்ந்து நகர்ந்து பின்பக்கம் விழுந்துகொண்டிருந்தன. ரப்பர் விரிப்பு போட்டும் நிற்கவில்லை. சுவரில் ஒரு தட்டு அடித்ததும் சரியானது.

மூன்று, நான்காம் வாரங்களில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அதுவரை "துவைக்கிற சாமான் எல்லாம் ஒரே இடத்தில்" என்று அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் சட்டையைக் கழற்றுவது படுக்கையறையில், கறை கண்ணில் படுவதும் அங்கேதான். ஸ்ப்ரே மெஷின் பக்கத்தில் இருந்ததால் யாரும் அதை எடுத்துவரப் போகவில்லை. மூன்று நாள் காய்ந்த கறையோடுதான் துணி மெஷினுக்கு வந்தது. கை எங்கே நீளுகிறதோ அங்கே பொருள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அழுக்குத் துணிக் கூடைக்கு மேலே ஒரு சின்னத் தட்டு வைத்தேன். அதில் ஸ்ப்ரே, பழைய டூத்பிரஷ், துண்டு சோப்பு, ஒரு டம்ளர் நிறைய க்ளிப். க்ளிப் அம்மாவின் யோசனை. கறை பட்ட இடத்திலேயே ஒன்றைக் குத்திவிட்டுக் கூடையில் போட்டால், மெஷினில் போடுகிறவர் தேடவே வேண்டாம், கையில் தட்டுப்படும். க்ளிப் இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீர். ரத்தம், பால், முட்டைக் கறைகளில் வெந்நீர் பட்டால் இறுகிவிடும். கறை போகும்வரை இஸ்திரியும் கிடையாது. இந்த ஒரு மாற்றம் கொடுத்த பலனை மற்ற எதுவும் கொடுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குளோரின் இல்லாத ஆக்சிஜன் ப்ளீச் தூளைக் கரைத்து, மிஞ்சியதை ஸ்ப்ரே பாட்டிலில் மூடி வைத்தேன். மறுநாள் காலை பாட்டில் பலூன் மாதிரி உப்பி நின்றது. கரைந்த பிறகு அது ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கரைக்க வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும்.

கூடைகளில் முதலில் நான்கு வைத்துப் பார்த்தேன், வெள்ளை, நிறம், மென்துணி, துண்டு என்று. பத்து நாள்கூட நிற்கவில்லை. எந்தக் கூடையும் நிறையாமல் துணி கிடந்தது. இப்போது இரண்டுதான், துண்டும் விரிப்பும் ஒன்று, உடுத்துவது இன்னொன்று. மென்துணிக்கு ஆணியில் ஒரு வலைப்பை தொங்குகிறது. அது நிறைந்தால் ஜிப்பை இழுத்து அப்படியே மெஷினில் போடலாம். பெட்டி தூக்கிப் பார்க்கும் தராசில் கூடையை மாட்டினேன், நிறைந்தால் ஐந்து கிலோ. எங்கள் மெஷின் ஏழு கிலோ. அந்தக் கணக்கு காய்ந்த பருத்தித் துணிக்கு, மென்துணிக்கு அதில் பாதிகூட வராது. ஆக, கூடை நிறைந்தால் ஒரு துவையல். யாரும் திணிப்பதில்லை.

சோப்பு அளவும் இதோடு சேர்ந்து சீரானது. லிக்விட் மூடியில் அளவுக் கோடு உள்பக்கம் இருக்கிறது, கண்ணுக்கே தெரியாது. வெளிப்பக்கம் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தேன். மார்க்கர் நான்கே துவையலில் அழிந்துவிட்டது, இது இன்னும் நிற்கிறது. அதிகம் ஊற்றினால் அதிகம் வெளுக்காது, நுரை சரியாக அலசப்படாமல் துணியிலும் குழாயிலும் தங்கும்.

ஐந்தாம் வாரம் மெஷினையே பார்த்தேன். சோப்பு டிராயரை முழுதாக வெளியே இழுத்தால் அது உட்காரும் குழியின் மேல்கூரையில் கறுப்பாகப் பூஞ்சணம். டூத்பிரஷை நுழைத்துத் தேய்த்ததில் சளி மாதிரி வழிந்தது. கதவு ரப்பரின் மடிப்பை விரலால் விரித்தால் ஒரு ஹேர்பின், ஒரு நாணயம், சுருண்டுபோன குழந்தை சாக்ஸ். கீழே உள்ள வடிகட்டியைத் திறக்கும் முன் தட்டையான பாத்திரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், தேங்கிய தண்ணீர் கொட்டும். துண்டுகளில் வந்த அந்தப் புழுங்கின வாடைக்குக் காரணம் இங்கேதான் இருந்தது. கதவைத் திறந்தே வைக்க வேண்டும் என்பது தெரியும், ஆனால் கூடை கதவு திறக்கும் இடத்திலேயே நின்றது, அதனால் எல்லோரும் மூடிவிட்டுப் போனோம். கூடை இடம் மாறிய நாளிலிருந்து கதவும் டிராயரும் ஒரு விரல் அகலம் திறந்தே இருக்கின்றன. பத்து நாளில் வாடை போய்விட்டது.

ஆறாம் வாரம். ஜோடி இல்லாத சாக்ஸுக்கு ஒரு கயிறு கட்டி க்ளிப்பில் தொங்கவிட்டேன். பதினொன்று இருந்தது, இப்போது மூன்று. ஒன்று அந்த ரப்பர் மடிப்பில் கிடைத்ததுதான். சட்டைப் பாக்கெட்டில் கிடைப்பதைப் போட ஒரு கிண்ணம் இருக்கிறது.

மிச்சம் இருப்பது காயப்போடும் ஸ்டாண்ட். விரித்தால் வழியை அடைக்கிறது, மடக்கினால் சாய்ந்து விழுகிறது. சுவரில் மடித்து வைக்கும் வகை பொருந்துமா என்று அளந்தேன், 70 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. வரும் ஞாயிறு துளை போடுகிறேன்.