மாசி இல்லாத சம்பலும் வேலூர்ல இருக்கிற கண்டி ராஜாவும்

ஸ்ரீலங்கா போறோம்னு சொன்னப்ப ஆபீஸ்ல எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "அங்க என்ன இருக்கு, நம்ம ஊர் மாதிரியே தானே இருக்கும், அதுக்கு தாய்லாந்து போலாமே?" எனக்கும் பதில் தெரியல. அம்மாவுக்கு மட்டும் தான் அந்த ஆசை, அவங்க இன்னும் சிலோன்னு தான் சொல்லுவாங்க, சின்ன வயசுல ரேடியோல கேட்ட ஊராம். 2024 பிப்ரவரில இந்தியர்களுக்கு விசா ஃபீஸ் வேற இல்லாம இருந்துச்சு, சரின்னு நானு, தம்பி, அம்மா மூணு பேரும் எட்டு நாளைக்கு கிளம்பிட்டோம். பெரம்பூர்ல இருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்த நேரமும் அங்கிருந்து கொழும்பு பறந்த நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணு தான்.

முதல்ல ஒரு உருப்படியான விஷயம். எப்ப போறீங்கங்கறத பொறுத்து தான் எங்க போறதுன்னு முடிவு பண்ணணும். குட்டி தீவு தான் ஆனா ரெண்டு மழைக்காலம். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு பருவமழை கொழும்பு, தெற்குக் கரைல காலி, மிரிஸ்ஸ பக்கமெல்லாம் ஊத்தும், அப்ப கிழக்கு பக்கம் திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா பளிச்சுன்னு இருக்கும். நமக்கு மழை கொட்டற நவம்பர் டிசம்பர்ல அந்தப் பக்கம், யாழ்ப்பாணம் எல்லாம் சேர்த்து அதே வடகிழக்கு மழை தான். ஸ்கூல் லீவ்ல மே மாசம் போறவங்க பீச்னா கிழக்குக்கு போங்க, எங்கள மாதிரி பிப்ரவரில போனா தெற்கும் மலையும்.

கொழும்புல ஒரு நாள் போதும். மால் எல்லாம் நம்ம ஊர்லயே இருக்கு, நேஷனல் மியூசியம் போங்க. அங்க ஒரு கல்வெட்டு இருக்கு, சீனாவோட கடற்படைத் தலைவர் செங் ஹ 15ம் நூற்றாண்டுல வச்சது, காலி ஊர்ல 1911ல கண்டெடுத்தாங்க. ஒரே கல்லுல சீன மொழி, தமிழ், பாரசீகம். இதுல விசேஷம் என்னன்னா சீனத்துல புத்தருக்கு காணிக்கை கொடுத்தேன்னு இருக்கு, தமிழ்ல தேனாவரை நாயனாருக்கு, அதாவது பெருமாளுக்கு, பாரசீகத்துல அல்லாவுக்கு. வந்த இடத்துல யாரையும் பகைச்சுக்காம வியாபாரம் பார்த்திருக்கார் மனுஷன்.

நாங்க போன வாரத்துல போயா வந்துச்சு. மாசாமாசம் பௌர்ணமி அன்னைக்கு நாடே லீவு, கறி விக்க மாட்டாங்க, பார் எல்லாம் மூடிடுவாங்க. தம்பி மூஞ்சிய பார்க்கணுமே. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி காலண்டர்ல பௌர்ணமி என்னைக்குன்னு பார்த்துக்கோங்க, போயாவ பார்க்கணும்னாலும் சரி, தவிர்க்கணும்னாலும் சரி.

அம்மா சுத்த சைவம். சைவம் கிடைக்கிறது கஷ்டமே இல்ல, இடியாப்பம், சொதி, பருப்பு, பலாக்காய் கறி, எருமைத் தயிர்ல கித்துல் பாணி, அதாவது கூந்தப்பனைப் பாகு ஊத்தி, ராணி மாதிரி சாப்பிட்டாங்க. ஆனா தேங்காய் சம்பல்ல மாசி போடுவாங்க, காய்ஞ்ச மீன் தூள், கண்ணுக்கு தெரியாது. முதல் நாளே அம்மா ரெண்டு கரண்டி சாப்பிட்டு "என்னமோ நல்லா தான் இருக்கு"ன்னு சொன்னாங்க, நானும் தம்பியும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டோம், இன்னைய வரைக்கும் சொல்லல. (அம்மா இத படிக்க மாட்டாங்க.) அடுத்த நாள்ல இருந்து "மாசி இல்லாம"ன்னு கேட்டு வாங்கினோம்.

சிகிரியா எல்லாரும் போற இடம், 5ம் நூற்றாண்டுல காசியப்பன்னு ஒரு ராஜா அப்பாவ கொன்னுட்டு பயந்துபோய் பாறை உச்சில கட்டின அரண்மனை, 1200 படி கிட்ட ஏறணும். காலைல ஏழு மணிக்கு ஆரம்பிச்சிருங்க. பாஸ்போர்ட்ட காட்டினா இந்தியா மாதிரி சார்க் நாட்டுக்காரங்களுக்கு டிக்கெட் விலை கம்மி, நாங்க அத ஹோட்டல்லயே விட்டுட்டு போய் போன்ல போட்டோ காட்டிட்டு நின்னோம், நடக்கல, தம்பி ஆட்டோ பிடிச்சு திரும்ப போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள வெயில் ஏறிடுச்சு.

ஆனா என்னைக் கேட்டா சிகிரியாவ விட பொலன்னறுவை தான். நிறைய பேர் டைம் இல்லன்னு இத விட்டுடறாங்க, பெரிய தப்பு. நம்ம சோழர்கள் பிடிச்சு ஜனநாதமங்கலம்னு பேர் வச்சு அரை நூற்றாண்டுக்கு மேல ஆண்ட ஊர் இது. புத்த விகாரைங்களுக்கு நடுவுல நடந்துட்டே இருக்கோம், திடீர்னு மரத்தடில தஞ்சாவூர் பக்கத்துல இருந்து தூக்கிட்டு வந்து வச்ச மாதிரி ஒரு கருங்கல் சிவன் கோயில். போர்டுல சிவ தேவாலய எண் 2ன்னு ரேஷன் கடை மாதிரி நம்பர் போட்டிருக்கு, உண்மைப் பேரு வானவன்மாதேவி ஈஸ்வரம், ராஜேந்திர சோழனோட அம்மா பேரு. சுவத்துல தமிழ் எழுத்து. அம்மா செருப்ப கழட்டிட்டு உள்ள போய் லிங்கத்துக்கு முன்னாடி உக்காந்தவங்க தான், எழுந்துக்கவே இல்ல. அதே ஊர்ல இன்னொரு தமிழ்க் கல்வெட்டு இருக்கு, வேளைக்காரப் படைன்னு தமிழ் பேசின சிப்பாய்ங்க, புத்தரோட பல் இருந்த கோயில நாங்க காவல் காப்போம்னு சத்தியம் பண்ணி எழுதி வச்சது. இவன் இந்தப் பக்கம் அவன் அந்தப் பக்கம்னு நாம நினைக்கிற மாதிரி அப்ப இல்ல போல.

அங்கேயே கல் விஹார. ஒரே பாறைல நாலு புத்தர், 12ம் நூற்றாண்டுல பராக்கிரமபாகு ராஜா செதுக்க வச்சது. படுத்திருக்கிற புத்தர் 14 மீட்டர் நீளம், தலகாணிய பாருங்க, தலை அழுத்தி கொஞ்சம் பள்ளம் விழுந்திருக்கும், கல்லுல! ரெண்டு கால் விரலும் ஒரே நேர்ல இருக்காது, தூங்கல, பரிநிர்வாணம் அடைஞ்சிட்டார், உயிர் பிரிஞ்சிடுச்சுன்னு அதுக்கு அர்த்தமாம். புத்தருக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்காதீங்க, விசில் ஊதுவாங்க. வெறுங்கால்ல தான் நடக்கணும், கல்லு தோசைக்கல்லா கொதிக்கும், அதனால சாக்ஸ் எடுத்துட்டு போங்க.

கண்டில தலதா மாளிகை, புத்தரோட பல்ல வச்சிருக்கிற பேழைய தான் பார்க்கலாம், பல்ல இல்ல. வெள்ளை டிரஸ், கைல தாமரை, பூஜை நேரத்துல மேளச் சத்தம், கூட்டம் வைகுண்ட ஏகாதசி மாதிரி. இந்தக் கூட்டத்த பார்த்ததும் எக்மோர் கென்னட் லேன் மகாபோதி சங்கத்து வாசல் தான் ஞாபகம் வந்துச்சு, புத்த கயா போற வழில சிங்கள யாத்ரீகர்கள் வெள்ளைச் சேலைல வந்து நிப்பாங்களே, அதே ஆளுங்க, இப்ப நாங்க அவங்க ஊர்ல.

மாளிகைக்கு முன்னாடி இருக்கிற ஏரிய வெட்டினது கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீவிக்ரம ராஜசிங்கன், மதுரை நாயக்கர் வழில வந்தவர், பழைய பேரு கண்ணுசாமி. 1815ல பிரிட்டிஷ்காரன் பிடிச்சு, மெட்ராஸ் கொண்டு வந்து வேலூர் கோட்டைல வச்சான். 1832ல அங்கேயே கண்ண மூடினார். இத கைடு சொன்னதும் அம்மா, "நம்ம வேலூரா?"ன்னு மூணு தடவ கேட்டாங்க.

கண்டில இருந்து எல்லங்கற மலை ஊருக்கு ரயில் நாங்க போனப்ப ஆறு ஏழு மணி நேரம், டீ எஸ்டேட், மேகம், ஒன்பது வளைவுப் பாலம், அதெல்லாம் ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. வடை விக்கிறவர் யாரோ ஒரு பையனோட பழைய ஸ்கூல் நோட்டு பேப்பர்ல மடிச்சுத் தந்தார், சிங்களத்துல கணக்கு, டீச்சர் போட்ட சிவப்பு டிக் அப்படியே இருக்கு. பருப்பு வடையான்னு கேட்டு வாங்குங்க, இறால் வடையும் அதே கூடைல தான் வரும். எங்க எதிர் சீட்டுல தோட்டத்துல வேலை பார்க்கிற ஒரு அம்மா, "நீங்க எந்தப் பக்கம்?"னு கேட்டாங்க, சென்னைன்னோம். அவங்க தாத்தாவோட தாத்தா திருச்சிப் பக்கமாம், ஊர் பேரு தெரியாதாம். நம்ம அம்மா அதுக்கப்புறம் வெளிய வேடிக்கையே பார்க்கல, ரெண்டு பேரும் ஹட்டன் வர்ற வரைக்கும் பேசிட்டே வந்தாங்க.

காலி கோட்டை அழகு, சாயங்காலம் மதில் மேல நடங்க, கிரிக்கெட் மேட்ச் நடந்தா மேல நின்னு ஓசில பார்க்கலாம். யாழ்ப்பாணம், திருகோணமலை போகல, எட்டு நாள்ல முடியாது, முடியும்னு சொல்ற பேக்கேஜ நம்பாதீங்க, வேன்லயே தான் இருப்பீங்க.

ஆகஸ்ட்ல ஒரு கல்யாணத்துக்கு வேலூர் போனோம். முகூர்த்தம் முடிஞ்சதும் அம்மா ஆட்டோ பிடிச்சு, "கண்டி ராஜா சமாதிக்கு போப்பா"ன்னாங்க, டிரைவருக்கு புரியல. முத்து மண்டபம்னு தம்பி சொன்னதும், "பாலாத்தங்கரை பக்கம், அத முதல்லயே சொல்றதில்லயா"ன்னு வண்டிய எடுத்தார். அங்க எங்கள தவிர யாரும் இல்ல. அம்மா தலைல இருந்த கல்யாண வீட்டு மல்லிய ஒரு முழம் பிச்சு வச்சிட்டு, "உங்க ஏரி நல்லா இருக்குங்க"ன்னு சொல்லிட்டு வந்து ஆட்டோல ஏறிக்கிட்டாங்க.