சியா என்றால் அவங்க

மாங்காய் சீசன் முடிந்து மண்டியில் வேலை குறைந்துவிட்டது. போன மாதம்வரை ராத்திரி பதினொரு மணிக்கும் பெங்களூரா ரக மாங்காய் லோடு வந்து நிற்கும். எடை போட்டு, சீட்டு எழுதி, வண்டியைக் கூழ் ஃபேக்டரிக்கு அனுப்பிவிட்டுப் போச்சம்பள்ளி வந்து சேர ஒரு மணி ஆகும். இப்போது எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டு லேப்டாப்போடு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன்.

அங்கே எனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஓசூரில் நண்பர் ஒருவரின் அறையில், தன்பால் ஈர்ப்புள்ள எங்களைப் போன்ற ஆறேழு பேர் சேர்ந்து, எங்களைப் போன்றவர்களைப் பற்றிய பிலிப்பைன்ஸ் குறும்படங்கள் சிலவற்றைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதில் இருவருக்கு ஆங்கில சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்குப் படிக்க வராது. "தமிழில் நான் எழுதித் தருகிறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பிலிப்பைன்ஸ் என்றால் எனக்குக் கத்தார் ஞாபகம்தான் வரும். அங்கே ஒரு ஹோட்டல் லாண்டரியில் மூன்று வருடம் இருந்தேன். பக்கத்து மெஷினில் மணிலாக்காரர் ஒருவர். ஆணாகப் பிறந்தவர், புருவம் திருத்தி, யூனிஃபார்ம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வருவார். முதல் நாளே "என்னை 'ஆத்தே' என்று கூப்பிடு" என்றார். தகலோக் மொழியில் அது அக்கா. என் காதில் அத்தை என்றுதான் விழுந்தது. அத்தை என்றே மூன்று வருடமும் கூப்பிட்டேன். அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எனக்கும் திருத்திக்கொள்ள மனமில்லை. "இங்க ஒரு அத்தை இருக்காங்கம்மா, லீவு நாள்ல சமைச்சுப் போடுறாங்க" என்று போனில் சொன்னபோது, ஏதோ ஒரு புண்ணியவதி என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

தன்னைப் போன்றவர்களைக் குறிக்கும் 'பக்லா' என்ற சொல்லை அத்தைதான் சொல்லிக் கொடுத்தார். நடை, உடை, பேச்சு, ஆசை எல்லாம் ஒன்றாகக் கிடக்கிற சொல். ஊரில் திட்டவும் அதுதான், செல்லமாகக் கூப்பிடவும் அதுதான். நம் ஊரில் திட்டுவதற்கு மட்டும் சொற்கள் தாராளமாக இருந்தன. பள்ளிக்கூடத்தில் என் வருகை எண் ஒன்பது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பெரிய திரையில் பக்லா என்றால் நெடுங்காலம் சிரிக்க வைக்கத்தான். 1969இல் நகைச்சுவை நடிகர் டால்பி நடித்த 'ஃபசிஃபிகா ஃபலேஃபே' மாதிரிப் படங்களைச் சொல்லி அத்தையே விழுந்து விழுந்து சிரிப்பார், அப்புறம் திடீரென்று நிறுத்திவிடுவார். எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தை நினைத்துக்கொள்வேன். பாஞ்சாலி வேடம் கட்டியவருக்கு ராத்திரி முழுக்க ஊரே கைதட்டும். விடிந்து டீக்கடைக்கு வந்தால் அதே ஆட்கள் "நடையைப் பாரு" என்பார்கள்.

பிலிப்பைன்ஸில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மணிலாவை ஒட்டிய கேசோன் நகரில் 1994லேயே எங்களைப் போன்றவர்களின் உரிமைக்காக ஊர்வலம் போனவர்கள் அவர்கள். பாகுபாட்டைத் தடுக்கும் மசோதாவை 2000இல் தாக்கல் செய்தார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் அது சட்டமாகவில்லை. ஆனால் படம் எடுக்கிற ஆட்கள் மசோதாவுக்காகக் காத்திருக்கவில்லை. 2005இல் சினிமலாயா என்ற திரைப்பட விழா ஆரம்பித்த வருடமே, மணிலாச் சேரியில் அப்பனுக்கும் அண்ணன்களுக்கும் சோறாக்கிப் போடும் பக்லாச் சிறுவன் மேக்ஸிமோவின் கதை அங்கே வந்து, அடுத்த வருடம் பெர்லின் விழாவில் இத்தகைய படங்களுக்கென்றே தரும் டெடி விருதும் வாங்கியது. அது முழுநீளப் படம். பிறகு கேசோன் நகரமே 2013இல் கியூசினிமா என்று ஒரு திரைப்பட விழா தொடங்கியது. குறும்படங்களுக்கு இன்னொரு மேடை கிடைத்தது.

குறும்படத்தில் எனக்குப் பிடித்தது, யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல நேரமில்லை என்பதுதான். இருபது நிமிடத்தில் எங்கே போய் அப்பாவைச் சம்மதிக்க வைப்பது? இயக்குநர் பீட்டர்சன் வார்கஸின் 2014ஆம் வருடப் படத்தில் மணிலாத் தகலோக் இல்லை, அவருடைய சொந்த மாகாணத்தின் கபம்பங்கான் மொழி. அவரே 2020இல் எடுத்த படத்தில், முகம் தெரியாத ஒருவனைச் சந்திக்க வந்த பையன் ராத்திரித் தெருவில் ஒரு கும்பலின் பின்னாலேயே நடக்கிறான், வழியெல்லாம் பிணங்கள் கிடக்கின்றன. போதைப்பொருள் வேட்டை என்ற பெயரில் அங்கே ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொன்ற காலம் அது.

நான் இப்போது உட்கார்ந்திருப்பது டிரிஷ்டன் பெரெஸின் 2021ஆம் வருடப் படத்தில். சின்ன ஊர்ப் பையன் ஒருவன், ஆன்லைனில் பழகும் வயதில் மூத்த ஒருவர் எப்போது முகம் காட்டுவார் என்று காத்திருக்கிறான். அந்தப் பழக்கம் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காத்திருப்பை எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில், சிக்னல் கிடைக்கும் என்று தண்ணித் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்தவன் நான்.

சிக்கல் 'சியா'வில் வந்தது. அவன், அவள் என்ற பிரிவு இந்தப் படத்தின் மொழியில் இல்லை, இரண்டுக்கும் சியாதான். ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் he, she என்று ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தமிழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம்மிடம் 'அவங்க' இருக்கிறது.

அந்த அவங்களை வைத்துத்தான் இத்தனை வருடம் ஓட்டினேன். "யாரையாவது பிடிச்சிருந்தா சொல்லுடா" என்று அம்மா கேட்டபோது, "ஒருத்தங்க இருந்தாங்க, இப்ப பெங்களூர் போயிட்டாங்க" என்றேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதனால் படத்தில் 'அவங்க' என்று டைப் அடிக்கும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. படம் மறைக்காததை நான் மறைக்கிறேனோ? அழித்துவிட்டு 'அவன்' என்று போட்டேன். அப்புறம் அத்தை ஞாபகம் வந்தது. அவரைப் பற்றி அம்மாவிடம் சொன்னதும் அதே அவங்கதான், அதில் ஒளிவு எதுவும் இல்லை, மரியாதைதான் இருந்தது. கடைசியில் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டியதாயிற்று. சின்னப் படம், சின்ன வேலை என்று நினைத்தது நான்கு ராத்திரி இழுத்துவிட்டது.

நேற்று வற்றல் எடுக்க அம்மா மாடிக்கு வந்தார். நல்லவேளை, திரையில் அந்தப் பையன் முகம் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது.

"யாருடா இது, இப்படி உக்காந்திருக்கான்?"

"ஒருத்தங்க முகம் காட்டுவாங்கன்னு காத்திருக்கான்மா."

முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பெங்களூர் போனவங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படி இறங்கிவிட்டார்.