ஒரு பக்கம் மட்டும் முளைத்த முன்பல்

மகளுக்கு மேல்வரிசை இடது முன்பல் ஏழு வயதிலேயே முளைத்துவிட்டது. வலது பக்கத்தில் பால் பல் ஆடக்கூட இல்லை. "சில பிள்ளைக்கு லேட்டாத்தான் விழும், அவசரப்படாதே" என்றார் மாமியார். பல வீடுகளில் அப்படித்தான் ஆகிறது. ஆனால் ஜோடியில் ஒரு பல் வந்து ஆறு மாதம் தாண்டியும் மற்றது வரவில்லையென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது பல் டாக்டர்களின் கணக்கு. எடுத்தோம்.

நிலைப்பல் உள்ளேதான் இருந்தது. அதன் வழியை அடைத்துக்கொண்டு பொடிப்பொடியாக வெள்ளைத் துண்டுகள். பெயர் ஓடொன்டோமா. கட்டி என்றதும் எனக்குப் பகீரென்றது. புற்றுநோய் இல்லை என்று டாக்டர் உடனே சொல்லிவிட்டார். பல்லை உண்டாக்கும் திசு தாறுமாறாக வளர்வதுதானாம். பெரும்பாலும் வலிக்காது, வெளியே வீக்கமும் தெரியாது. பல் வரவில்லை என்பது ஒன்றுதான் பல பிள்ளைகளுக்கு அடையாளம். 2019-ல் சென்னை சவீதா பல் மருத்துவமனையில் 7 வயதுப் பையனின் கீழ்த்தாடையிலிருந்து 526 குட்டிப் பற்களை எடுத்தார்களே, அதுவும் இந்த வகைதான். மகளுக்கு இருந்தது மிகச் சிறியது.

மரத்துப்போக ஊசி போட்டு, பால் பல்லைப் பிடுங்கி, ஈறைத் திறந்து, மேலே இருந்த மெல்லிய எலும்பை நீக்கி, துண்டுகளைச் சுற்றியிருந்த உறையோடு சேர்த்து எடுத்தார்கள். தட்டில் காட்டினார்கள்: நொய்யரிசி அளவில், மஞ்சள் கலந்த வெள்ளையில். ஒன்றிரண்டு துண்டுகளில் தலையும் வேரும்கூடத் தெரிந்தன. துண்டு ஏதும் மிச்சமில்லை என்று எக்ஸ்ரேயில் உறுதி செய்த பிறகே தையல் போட்டார்கள். முழுதாக எடுத்துவிட்டால் திரும்ப வருவது அரிது.

பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே பார்ப்பது ஏன் முக்கியம் என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. நிலைப்பல்லின் வேர் முழுதாக வளர்ந்து முடியாதவரை, தடை போனதும் அது தானாக இறங்கி வர நல்ல வாய்ப்பு உண்டு. வேர் முடிந்துவிட்டால் பல்லில் சின்னப் பித்தானை ஒட்டி, சங்கிலி மாட்டி, கம்பி போட்டு இழுக்க வேண்டியிருக்கலாம். பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். எங்களுக்கு வேர் இன்னும் முடியவில்லை. இடம் போகாமலிருக்க ஒரு பிளேட் மாட்டிவிட்டு, பல் இறங்குகிறதா என்று பார்த்துவருகிறார்கள்.

எடுத்த துண்டுகளைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ரிப்போர்ட்டையும் எக்ஸ்ரேக்களையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். பின்னால் கம்பி போட நேர்ந்தால் அந்த டாக்டருக்கு அவை தேவைப்படும்.