சித்திரை முதல் நாள்: ஒரே பந்தியில் முடியும் விருந்து

சித்திரை முதல் நாள் விருந்துக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு: சமைத்தவர்களும் எல்லோருடனும் சேர்ந்து இலையின் முன் உட்கார வேண்டும். மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம், கொழுந்தனார் குடும்பம், பிள்ளைகள் என்று பன்னிரண்டு பேர் கூடும் நாளில் பெண்கள் பரிமாறிக்கொண்டே நின்று, மூன்று மணிக்கு மேல் ஆறிப்போன சாம்பாரை அடிச்சட்டியில் வழித்துச் சாப்பிடும் வழக்கத்தை நான் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அதைப் பாசம் என்றும் பொறுமை என்றும் புகழ்ந்து பேசுவார்கள். எனக்கு அது திட்டமிடத் தெரியாமையாகவே படுகிறது.

இந்த நிபந்தனையை வைத்துவிட்டால் என்ன சமைப்பது என்பதைப் பின்னாலிருந்து முடிவு செய்யலாம். பகல் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாடு என்றால், பன்னிரண்டு மணிக்குப் பிறகு அடுப்படியில் யாராவது நின்றே ஆக வேண்டிய பண்டம் எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது. இரண்டாவது பொரியல், கூட்டு, இன்னொரு இனிப்பு, பிள்ளைகளுக்காகத் தனியே ஒரு புலாவ் ஆகியவை இந்தக் கணக்கில் தாமாகவே விழுந்துவிடும். மீதமிருப்பவை சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், வேப்பம்பூ ரசம், மாங்காய்ப் பச்சடி, அவியல், தயிர் வடை, பாசிப்பருப்புப் பாயசம், அப்பளம், தயிர், ஊறுகாய். இதுவே நிறைவான சாப்பாடுதான். இலையில் பதினெட்டு வகை வைத்தாலும் மனிதர்கள் வயிறு நிறையச் சாப்பிடுவது நான்கைந்து வகைகளைத்தான் என்பதை எச்சில் இலை எடுக்கிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

விருந்து நாளில் ஆளை அடுப்போடு கட்டிப்போடுவது வடைதான். மெதுவடையைச் சுடச்சுடப் போடுவதென்றால் பந்தி முடியும் வரை ஒருவர் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர முடியாது. ஆகவே தயிர் வடைக்கு மாறினோம். “ஏம்மா, வடைன்னா சூடா மொறுமொறுன்னு இருக்க வேண்டாமா?” என்று என் மாமியார் கேட்டபோது, “தயிர்ல ஊறினா உங்க பல்லுக்கும் மெத்துன்னு இருக்கும் அத்தை” என்று சொல்லிச் சமாளித்தேன், இப்போது அவரே இன்னொன்று வாங்கிச் சாப்பிடுகிறார். பன்னிரண்டு பேருக்குத் தலைக்கு இரண்டு என்று வைத்தால் 400 கிராம் உளுந்து போதும். மாவை முந்தின இரவே அரைத்து வைத்தால் நீர்த்துப்போய் எண்ணெய் குடிக்கும் என்பதால், அதிகாலையில் உளுந்தை ஊறப்போட்டு, குளிர்ந்த நீர் தெளித்துக் கெட்டியாக அரைத்து, வெயில் ஏறுவதற்கு முன்பே பொரித்து முடித்துவிட வேண்டும். பொரித்த வடைகளை வெந்நீரில் சில நிமிடங்கள் போட்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உடையாமல் மெல்ல அழுத்தி நீரை எடுத்த பிறகே தயிரில் இறக்க வேண்டும். இந்த ஒரு வேலையை அவசரப்பட்டுச் செய்தால் வடை உள்ளே கல்லாகவே நின்றுவிடும். ஊறிய வடை குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால், பகலில் மேலே தாளித்துக் கொட்டி, கொத்தமல்லி தூவுவது மட்டுமே மிச்சம்.

அந்தத் தயிர் புளிக்காமல் இருப்பதும் முக்கியம். ஏப்ரல் மாத மதுரை வெக்கையில், இரவு படுக்கப் போகும்போது உறை ஊற்றிய பால் விடிவதற்குள் தோய்ந்துவிடும். எழுந்த உடனே அதை உள்ளே எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மதியத்துக்குள் மோர்க்குழம்புக்குத்தான் ஆகும்.

புத்தாண்டுக்கு உரிய இரண்டு பண்டங்களும், நல்லவேளையாக, அவசரம் கேட்பவை அல்ல. மாங்காய்ப் பச்சடியை முந்தின மாலையே செய்துவிடலாம். ஓர் இரவு இருந்தால் புளிப்பும் இனிப்பும் இன்னும் நன்றாகச் சேரும். மாங்காய்த் துண்டுகள் குழைய வெந்த பிறகே வடிகட்டிய வெல்லப்பாகைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் வெல்லம் விழுந்த பிறகு வேகாத துண்டு எளிதில் வேகாது. வேப்பம்பூவை மட்டும் அன்று காலையில் நெய்யில் கருஞ்சிவப்பாகும் வரை வறுத்து, பாதியைப் பச்சடியின் மேலும் மீதியை இறக்கி வைத்த ரசத்திலும் போடுகிறோம். பூவைப் போட்டு ரசத்தைக் கொதிக்கவிட்டால் கசப்பு முழுவதும் இறங்கி, பிள்ளைகள் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுவார்கள். கடையில் கிடைக்கும் உலர்ந்த பூவில் காம்பும் தூசியும் கலந்திருப்பதுண்டு. மரத்தடியில் வேட்டி விரித்து, விடியற்காலையில் உதிர்ந்ததைச் சேர்த்து நிழலில் உலர்த்திய பூவின் வாசனை அதற்கு வராது. எங்கள் தெருவில் மரம் இருப்பதால் நான் இவ்வளவு பேசுகிறேன் என்பதும் உண்மைதான்.

பாயசத்துக்குக் கால் கிலோ பாசிப்பருப்பை வறுத்து வேகவைத்து, அரை கிலோ வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து இரவே கொதிக்க வைத்துக்கொள்கிறேன். காலையில் அதைச் சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகு கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றினால் திரியாது. ஆற ஆற இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்கி வைப்பது நல்லது. அவியலுக்கான காய்களில் பீன்ஸ், கேரட், பூசணி, முருங்கை ஆகியவற்றை இரவே நறுக்கி வைக்கலாம். வாழைக்காய் கறுத்துப்போகும், அதைக் காலையில் மோர் கலந்த நீரில் நறுக்கிப் போட வேண்டும். அப்பளத்தைக் காலையில் வடை பொரித்த எண்ணெயிலேயே பொரித்து, ஆறியதும் காற்றுப்புகாத டின்னில் அடைத்துவிட்டால் மதியம் வரை நமுக்காது. சோற்றுக்குப் பொன்னி அரிசி ஒன்றேகால் கிலோ, இரண்டு குக்கர்களில், பந்திக்கு அரை மணி நேரம் முன்பு.

வருகிறவர்கள் தொலைபேசியில் “நான் என்ன கொண்டு வரட்டும்?” என்று கேட்டால், “ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்” என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்திலேயே சந்தை இருப்பதால் வாழையிலையும் பூவும் அவர் பொறுப்பு. கொழுந்தனார் மா, பலா, வாழை மூன்றையும் வாங்கி வருகிறார். பலாவை மட்டும் சுளையாக எடுத்து வரச் சொல்லிவிடுவேன், முழுப் பழத்தை வீட்டில் அறுத்தால் பாலைத் துடைப்பதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

பரிமாறுவதும் இதே போலத்தான். கூடத்தில் எதிரெதிராக இரண்டு வரிசைப் பாய்கள், நடுவில் பாத்திரங்களும் கரண்டிகளும்; தரையில் உட்கார முடியாத பெரியவர்களுக்கு மேசை. உப்பு, ஊறுகாய், பச்சடி, அவியல், வடை, அப்பளம் எல்லாவற்றையும் பிள்ளைகள் முதலிலேயே இலைகளில் வைத்துவிட்டுத் தாங்களும் உட்கார்ந்துகொள்கிறார்கள். நுனி இடப்பக்கம் இருக்கிறதா என்று மாமனார் ஒவ்வோர் இலையாகச் சரிபார்ப்பார். அந்த அதிகாரத்தை அவரிடமிருந்து பறிக்க யாருக்கும் மனமில்லை. அதன் பிறகு சோறும் சாம்பாரும் ரசமும் கைக்குக் கை நகர்ந்து போகும், வேண்டியவர் எடுத்து ஊற்றிக்கொள்வார். தொலைக்காட்சியில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தாலும் ஆண்கள் அதைவிட்டு எழுந்து வந்தே ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் இரண்டாம் பந்தி கிடையாது.

மிஞ்சியதை யார் எடுத்துப் போவது என்பதையும் உடனே முடித்துவிடுகிறோம். தேங்காயும் தயிரும் சேர்ந்த அவியல் அந்த வெக்கையில் மாலை வரை தாங்காது என்பதால், அதை மட்டும் அளவு குறைத்தே செய்கிறேன். பாயசமும் சாம்பாரும் அவரவர் தூக்குகளில் போய்விடும். தூக்கைக் கொண்டு வர மறந்தவர்களுக்கு, திருப்பித் தர வேண்டும் என்ற கண்டிப்புடன், என்னுடையதைக் கொடுக்கிறேன்.