வளவுக்குள் பத்து மீட்டர்: முதல் ஏர் ரைபிள் எடுத்த அனுபவம்

தை

பொங்கலுக்குப் பள்ளத்தூர் வீட்டு மாடி அறையை ஒழித்தபோது ஒரு பழைய டயானா கம்பெனி ஏர்கன், அதாவது காற்றுத் துப்பாக்கி, கிடைத்தது. ஐயா மலாயாவிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்ததாம். கடைக் கணக்கு நோட்டுகள் இருந்த டிரங்குப் பெட்டியில், மஞ்சள் துணி சுற்றிப் படுத்திருந்தது. குழலை மடக்கினால் மடங்கியது. உள்ளே தோல் வாஷர் மக்கிப் போயிருந்ததால் விசையை இழுத்தால் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடையில் போட்டால் நல்ல விலை வரும் என்றார்கள். போடவில்லை. அந்தக் கட்டையைத் தோளில் வைத்து, எதிர்ச் சுவரில் இருந்த ஒரு ஆணியைக் குறி பார்த்த அரை நிமிஷம் மனசில் ஒட்டிக்கொண்டது. பகலெல்லாம் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறவனுக்கு, ஒரே ஒரு புள்ளியை மட்டும் பார்ப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாசி

முதல் தப்பு இந்த மாதம் நடந்தது. அதை விவரமாகவே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பணம் மிஞ்சும்.

4.5 மி.மீ. குழல், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாது என்றால் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. அதைத் தெரிந்துகொண்டதும் கை பரபரத்தது. அடையாள அட்டை நகலைக் கொடுத்து, குழலை மடக்கிச் சுடும் ஸ்பிரிங் ரைபிள் ஒன்றும், 'ராணுவத் தரம்' என்று டப்பாவில் போட்டிருந்த ஒரு ஸ்கோப்பும் (குறி பார்க்கும் தொலைநோக்கி) வாங்கிவந்தேன். பார்க்க ஜோராக இருந்தது.

ஸ்கோப்புக்குள் பார்த்தால் பத்து மீட்டரில் இருக்கும் அட்டை, பாலில் விழுந்த எழுத்து மாதிரி கலங்கித் தெரிந்தது. கண் கெட்டுவிட்டதோ என்று காரைக்குடியில் கண் டாக்டரையே போய்ப் பார்த்தேன். கண்ணில் ஒன்றும் இல்லை. சாதாரண ரைபிள் ஸ்கோப்புகளை 100 கஜத் தூரத்துக்குத் தெளிவாக இருக்கும்படி அமைத்துவிடுகிறார்கள், பத்து மீட்டருக்கு அது ஒத்துவராது. கிட்டத் தூரத்துக்குத் திருகி மாற்றிக்கொள்ளும் வகை தனியாக உண்டு. போதாக்குறைக்கு ஸ்பிரிங் ரைபிளின் உதை விசித்திரமானது. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும், பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னால் குதிக்கும். இந்த இரட்டை உதையைத் தாங்காத ஸ்கோப் நாளாக நாளாகக் கழன்றுபோகும். என்னுடையது மூன்றாவது வாரமே உள்ளே கிலுகிலுப்பை மாதிரி ஆடியது.

அத்தனைக்கும் மேலே, நான் பழக நினைத்த பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கே இடம் கிடையாது. இதை வாங்குவதற்கு முன்னால் படித்திருக்கலாம்.

பங்குனி

மதுரையில் ஒரு கிளப்பில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ். கோச் அண்ணன் என் ரைபிளை வாங்கி ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும் தம்பி, முதல்ல கையை நீட்டுங்க" என்றார்.

இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களால் சின்ன ஓட்டை செய்து, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு கண்ணை மூடு, அடுத்த கண்ணை மூடு என்றார். வலது கண்ணை மூடினாலும் கடிகாரம் அங்கேயே நின்றது. இடது கண்ணை மூடியதும் ஓடிப்போய்விட்டது. எனக்கு வலக்கைப் பழக்கம், ஆனால் ஆளுகிற கண் இடது. முப்பத்தெட்டு வருஷமாக இது எனக்கே தெரியாது.

இடக்கைக்காரன் மாதிரி தோள் மாற்றிச் சுடுவது ஒரு வழி. வலது தோளிலேயே வைத்துக்கொண்டு, இடது கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் மறைப்பு ஒன்றைத் தொங்கவிடுவது இன்னொரு வழி. மறைப்பு 30 மி.மீ. அகலத்துக்குமேல் இருக்கக் கூடாது என்பது விதி. கண்ணை இறுக்கி மூடினால் முகம் முழுக்க இழுபடும், திறந்திருக்கும் கண்ணும் சோர்ந்துபோகும், அதனால்தான் மறைப்பு. நான் மறைப்பையே எடுத்துக்கொண்டேன். தயிர் டப்பா மூடியை வெட்டிச் செய்தது, செலவு ஒன்றும் இல்லை. இத்தனை நாளில் நான் வாங்கிய, செய்த எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது அந்த மூடிதான்.

அன்றைக்கு அண்ணன் போட்ட கணக்கையும் எழுதிவைக்கிறேன். பத்து மீட்டர் அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மி.மீ. அகலம்தான், பென்சில் முனை வைத்த மாதிரி. பெல்லட் என்கிற ஈயக் குண்டு 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து. ஆக, பெல்லட்டின் மையம் 2.5 மி.மீ. வரை விலகலாம். துப்பாக்கியில் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே சுமார் 80 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அங்கே 0.2 மி.மீ. பிசகினால் அட்டையில் 2.5 மி.மீ. போய்விடும். இரண்டு தாளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு தடிமனோ, அவ்வளவு. அதைக் கேட்டதும் எனக்கு ராணுவத் தரம் எல்லாம் மறந்துபோனது.

சித்திரை

கிளப்பில் இருந்த ரைபிள்களை வாரம் ஒன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் காற்றடைத்த சிலிண்டர் வகை. விசையைத் தொட்டால் உதையே இல்லை. விசை இரண்டு கட்டமாக நகரும்: முதலில் லேசாக வந்து ஓரிடத்தில் நிற்கும், அங்கிருந்து நினைத்தாலே போய்விடும். முதல் நாள் நான் நினைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது.

எது நல்ல ரைபிள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வால்தரா, ஃபைன்வெர்க்பாவா, ஸ்டையரா என்று யூடியூபில் பார்த்ததையெல்லாம் ஒப்பித்தேன். அண்ணன் பதில் சொல்லாமல் ஒரு சோதனை வைத்தார். கண்ணை மூடு, ரைபிளைத் தூக்கித் தோளில் வை, கன்னத்தைச் சாய், இப்போது கண்ணைத் திற. பின் குறியின் பொடி ஓட்டைக்கு நேராகக் கண் இருந்தால் அது உனக்கான ரைபிள். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் இல்லை. ஜெர்மன் ரைபிள் ஒன்றில் நான் கோழி மாதிரி கழுத்தை நீட்டினேன். எனக்குக் கை குட்டை, அதன் கட்டை நீளம். நம் நாட்டில் செய்த ஒன்றில், கன்னக் கட்டையை இரண்டு திருகு ஏற்றி, தோள் தட்டை உள்ளே தள்ளியதும் கண் தானாக ஓட்டையில் போய் உட்கார்ந்தது. தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

நடுவில் ஒரு சபலம். தெரிந்தவர் மூலம் ஒரு பழைய ஜெர்மன் ரைபிள் பாதி விலைக்கு வந்தது. வாங்க அட்வான்ஸ்கூட எடுத்துவைத்துவிட்டேன். அண்ணன் போனில், "சிலிண்டர்ல என்ன தேதி அடிச்சிருக்கு, படிங்க" என்றார். பத்து வருஷம் தாண்டியிருந்தது. 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைக்கும் உருளை அது. செய்த நாளிலிருந்து பத்து வருஷம்தான் அதற்கு ஆயுள், அதன்பிறகு போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். வீட்டிலும் அதை வைத்துப் பம்பு அடிக்க எனக்கு நெஞ்சுறுதி கிடையாது. புது சிலிண்டர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விட்டுவிட்டேன்.

வைகாசி

கன்னம் ஒப்புக்கொண்ட அந்த உள்நாட்டு ரைபிளையே வாங்கினேன். கூடவே துளைக்குறி, வளையக் குறி. பின்னால் பொடி ஓட்டை, முன்னால் ஒரு வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம். வட்டத்துக்குள் வட்டத்துக்குள் வட்டம் என்று கோலம் மாதிரி நிற்கும். கண்ணாடிச் சில்லு எதுவும் இல்லாமலே ஸ்கோப்பைவிடத் தெளிவு.

சுடுவதற்கு இடம்? இங்கேதான் செட்டிநாட்டு வீட்டின் அருமை. வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தை, சுற்றிய தாழ்வாரத்தில் டேப்பைப் பிடித்தால் பத்து மீட்டர் போக மீதியும் இருந்தது. அட்டையின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரம். தாழ்வாரத்தைப் பார்த்து ஐந்து அறைக் கதவுகள், ஐந்து புள்ளிக்கும் (பங்காளிக் குடும்பத்துக்கும்) ஒன்று. நான்கின் சாவிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன, வருஷத்துக்கு ஒருமுறை திறந்தால் பெரிது. ஐந்தாவது எங்களுடையது. அதை உள்ளே தாழிட்டு, அடுக்களை வழியில் சிவப்புத் துணி கட்டிவிட்டுத்தான் பெல்லட் போடுவேன். துணி தொங்கினால் அந்தப் பக்கம் வருவதில்லை என்று அப்பத்தாவுக்கும் எனக்கும் ஒப்பந்தம்.

அப்பத்தா முதல் நாள் கேட்டது வேறு. "கொக்கு குருவியச் சுடவா இத வாங்குன?"

"இல்ல அப்பத்தா, அட்டையத்தான்."

"அட்டையச் சுட இம்புட்டுக் காசா?"

கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அப்படிப்பட்ட மாவட்டத்தில் கிழவி முதலில் இதைக் கேட்டதில் தப்பே இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இதே பத்து மீட்டர் ஏர் ரைபிளில் ஒலிம்பிக் வரை போனதைச் சொன்னேன், 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதைச் சொன்னேன். "பிள்ளை பேரு நல்லா இருக்கு" என்றார். பிந்த்ராவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆனி

இரண்டாவது தப்பு. பெல்லட்டைத் தாங்க அட்டைப் பெட்டியில் பழைய வேட்டிகளைத் திணித்து வைத்திருந்தேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுட்டால் துணி குடைந்துகொண்டே போகும் என்று யோசிக்கவில்லை. பிறகு பெட்டியை நகர்த்திப் பார்த்தால் பின்னால் சுவரில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசி, கண்ணாடி மாதிரி வழவழவென்று நூறு வருஷம் நின்ற சுண்ணாம்புப் பூச்சு! பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் நானே படம் போட்டு ஒப்புக்கொண்டேன். சென்னையிலிருந்து பெரியப்பச்சி கூப்பிட்டு இருபது நிமிஷம் பேசினார். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பூச்சைப் பற்றி மட்டுமே.

காரைக்குடி லேத் பட்டறையில் இரும்புப் பெட்டி செய்தேன். உள்ளே தகடு 45 டிகிரி சாய்ந்து, பெல்லட்டைக் கீழே மணல் தட்டுக்குத் திருப்பிவிடும். ரைபிளுக்கு முன்னாலேயே இதைச் செய்திருக்க வேண்டும். ஈயத் துகள் சேரும் என்பதால் தட்டைத் துடைத்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் காபி தொடுவதில்லை.

ஆடி

பெல்லட் சோதனை. மணல் மூட்டையில் ரைபிளைச் சாய்த்து, நான்கு வகையில் ஐந்தைந்தாகச் சுட்டேன். கூர்முனை பெல்லட் ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூட முடியாத அளவுக்குச் சிதறின, ஓட்டையும் கிழிசல். தட்டைத் தலைப் பெல்லட் தாளைப் பஞ்சிங் மெஷின் மாதிரி வட்டமாக வெட்டும், அதனால்தான் மதிப்பெண் எண்ண முடிகிறது. தட்டைத் தலையிலும் 4.49, 4.50 என்று தலை அளவு வித்தியாசம் உண்டு. என் குழலுக்கு 4.50 ஒத்துப்போனது, ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டை. எடை 0.53 கிராம். கிளப்பில் வேகம் அளந்தபோது நொடிக்கு 170 மீட்டர் பக்கம் காட்டியது, அதாவது எட்டு ஜூலுக்கும் குறைவு. மாசியில் 20 ஜூல் 20 ஜூல் என்று துடித்தேனே, அதில் பாதிகூட இதற்கு வேண்டாம்.

கைப்பம்பு பற்றி ஒரு வரி: ஆடிக் காற்றிலும் வேர்க்கிறது.

ஆவணி

குழப்பமான மாதம். காலை ஆறு மணிக்கு நடுவில் விழுவது எட்டு மணிக்கு மேலே ஏறியது. குறியைத் திருகினேன், மறுநாள் காலை கீழே இறங்கியது. நான்கு நாள் இப்படியே துரத்தினேன். திருகுக் கணக்கை ஐயாவின் பழைய பேரேட்டில் மீதமிருந்த தாள்களில் பற்று வரவு போல எழுதியதால்தான் பிடிபட்டது: வெயில் வளவில் இறங்கும் நேரமும் குண்டு ஏறும் நேரமும் ஒன்று. வெளிச்சம் பக்கவாட்டில் அடித்தால் வளையத்தின் ஓரம் மினுங்கி, கண் ஏமாறுகிறது. தாழ்வாரத்தில் மூங்கில் தட்டியை இறக்கி, அட்டைக்கு மட்டும் ஒரு எல்.இ.டி. பல்பு போட்டேன். அதோடு குண்டு ஏறுவது நின்றது.

ஐப்பசி

துப்பாக்கி சுடுபவர்கள் போடும் ஜாக்கெட் இன்னும் வாங்கவில்லை. கெட்டிக் கேன்வாஸ் ஜாக்கெட் முதுகைத் தாங்கும், கிளப்பில் போட்டுப் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது. ஆனால் சித்திரையில் இங்கே அதைப் போட்டு ஒரு மணி நேரம் நின்றால் என்னை ஊறுகாயாகத்தான் எடுக்க வேண்டும். அதுவும் உடம்பு அளவுக்குப் பொருந்தி இருக்க வேண்டும். இன்னும் நான்கு கிலோ குறைக்கிற எண்ணம் இருப்பதால், இப்போது அளவு கொடுத்தால் வீண். அப்பத்தாவின் வெள்ளைப் பணியாரம் இருக்கும்வரை அந்த நான்கு கிலோ எப்போது போகுமோ. பாதம் தட்டையாக நிற்கும் சாதாரணக் கேன்வாஸ் ஷூ இப்போதைக்குப் போதும், ஆத்தங்குடிக் கல் தரை சமமாக இருக்கிறது.

நேற்று முதல்முறையாகப் போட்டி மாதிரியே 60 குண்டு, 75 நிமிஷம். முழுப் புள்ளி 600க்கு 537. முதல் இருபதில் 184, அடுத்ததில் 181, கடைசி இருபதில் 172. கடைசியில் எல்லாம் இடது கீழ்ப்பக்கம் சரிந்திருக்கின்றன. தோள் தட்டு களைப்பில் நழுவுகிறது என்று நினைக்கிறேன். அதை ஐந்து மி.மீ. கீழே இறக்கி, பேரேட்டில் தேதி போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் அட்டைகளைக் காட்ட வேண்டும். டயானாவுக்குத் தோல் வாஷர் வெட்டித் தருவதாக லேத் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார்.